இதயத்தின் கோட்டை வரைந்தவர்

நெஞ்சு வலிக்குது என்று கிளினிக்குக்குப் போனால் படுக்க வைத்து, கை, கால், நெஞ்சு எல்லாம் வயரை ஒட்டி, மேலும் கீழுமாய் ஓடும் ஒரு கோட்டைத் தாளில் எடுப்பாங்க இல்லையா? அதுதான் இ.சி.ஜி. அந்தக் கோட்டைத் தெளிவாக வரைந்து காட்டியவர் வில்லெம் ஐந்தோவன். மின்னியல் பொறியியல் படிக்கிற எனக்கு டாக்டர்களிலேயே ரொம்பப் பிடித்தவர் இவர்தான்.

பிறந்தது நமக்குப் பக்கத்தில்தான். ஜாவாவில் உள்ள செமாராங், 1860. நம்ம மலாக்காவில் சிவப்புக் கட்டடத்தைக் கட்டிய அதே டச்சுக்காரர்கள் அப்போது அங்கே ஆண்டார்கள். அப்பா டாக்டர். வில்லெமுக்கு ஆறு வயதானபோது அவர் இறந்துவிட்டார். நான்கு வருடம் கழித்து அம்மா ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஹாலந்துக்குப் போய்விட்டார். அங்கே மருத்துவம் படித்த வில்லெம், 25 வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

இதயம் ஒரு பம்பு என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அந்தப் பம்புக்குச் சுவிட்சு போடுவது யார்? இதயமேதான்! வலப்பக்க மேலறையில் ஒரு சின்ன இடம் தானாகவே மின்சாரம் கிளப்புகிறது. அது மேலறைகள் இரண்டிலும் பரவ, அவை சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளும். நடுவில் மின்சாரம் கொஞ்சம் தாமதிக்கும். கீழறைகள் நிரம்ப நேரம் வேணும்ல? பிறகு சட்டென்று கீழே பாயும். வலது கீழறை நுரையீரலுக்கும் இடது கீழறை உடம்பு முழுக்கவும் ரத்தத்தை அடிக்கும். இப்படி ஒரு நாளில் சுமார் 1,00,000 தடவை.

இந்த மின்சாரம் தோலுக்கு வரும்போது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். டார்ச்லைட் பேட்டரியே 1.5 வோல்ட். லண்டனில் வாலர் என்பவர் 1887-லேயே பாதரசக் கருவியால் இதைப் பதிவு செய்தார். ஆனால் பாதரசம் மெதுவாக நகர்வதால் கோடு மழுங்கிப் போனது. ஐந்தோவன் முதலில் கணக்குப் போட்டு அந்தக் கோட்டைத் திருத்திப் பார்த்தார். அது போதவில்லை. வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றைப் பெரிய காந்தத்தின் நடுவே கட்டினார். இதய மின்சாரம் ஓடும்போது இழை ஆடும், அதன் நிழலைப் படம் பிடித்தார். கருவியின் எடை சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர்! நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் விட்டு உட்கார வேண்டும். மருத்துவமனையோ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 1905-ல் தொலைபேசிக் கம்பி வழியாகவே அங்கிருந்து இதயத் துடிப்பை வரவழைத்துவிட்டார்.

கோட்டின் மேடுபள்ளங்களுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்ததும் அவர்தான். பி என்ற சின்ன மேடு மேலறைகளுக்கு, நடுவில் உயரமாய் நிற்பது கீழறைகளுக்கு, டி என்பது கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதற்கு.

எங்கள் தோட்டத்தில் நெஞ்சு வலி என்றால் வாயு என்று பூண்டைச் சுட்டுக் கொடுப்பார்கள். என் தாத்தாவுக்கும் அதே வைத்தியம்தான். மூன்றாம் நாள் எடுத்த இ.சி.ஜி.யில்தான் அது மாரடைப்பு என்று தெரிந்தது. பூண்டு பிறகு சாப்பிடலாம், வலி இருக்கும்போதே கோட்டை எடுத்துப் பார்க்கணும்.

ஐந்தோவன் 1927-ல் இறந்தார். அதற்கு மூன்று வருடம் முன்புதான் நோபல் பரிசு கிடைத்தது. கருவி செய்ய உதவிய பட்டறைக்காரரைப் பரிசுப் பணத்தோடு தேடினாராம். அவர் இறந்துபோயிருந்தார். அவருடைய இரண்டு சகோதரிகளைக் கண்டுபிடித்துப் பாதிப் பணத்தைக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.