தன் எலும்புக்கூட்டையும் கொடுத்துவிட்டுப் போன ஆசிரியர்

கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து 1959இல் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர், தான் இறந்தபின் தனது எலும்புக்கூடு அந்தப் பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும் என்று எழுதிவைத்தார். கண்கள் கண்வங்கிக்கு. உடல் மருத்துவ மாணவர்களின் படிப்புக்கு. மரணச்சடங்கு எதுவும் வேண்டாம்.

அவர் ஆபிரகாம் கோவூர். 1978 செப்டெம்பர் 18ஆம் திகதி, தனது 80ஆவது வயதில் காலமானார். மந்திரவாதிகளுக்குச் சவால் விட்டவர் என்றுதான் அவரை இன்றும் நினைவுகூருகிறோம். என்னை அவரிடம் இழுத்தது சவால் அல்ல, மேலே சொன்ன விருப்பம். கடவுள் இல்லையென்றால் மனிதர் ஏன் நல்லவராக இருக்கவேண்டும் என்ற பழைய கேள்விக்கு, அவர் தன் உடலாலேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறார்.

கேரளத்தின் திருவல்லாவில் 1898இல் பிறந்தவர் கோவூர். தந்தை மார்தோமா சபையின் மதகுரு. ஆகவே அவர் விட்டு விலகியது எங்கோ தூரத்தில் இருந்த ஒரு நம்பிக்கையை அல்ல, சொந்த வீட்டின் நம்பிக்கையை. கல்கத்தாவில் படித்த நாட்களில், விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது கங்கை நீர் கொண்டுவரும்படி அயலவர்கள் கேட்பார்களாம். அவர் வழியில் கண்ட ஒரு சாதாரண நீரோடையிலிருந்து தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து கொடுத்தார். அதனால் நோய் தீர்ந்ததாகப் பலர் வந்து சொன்னார்கள். இதைப் பின்னாளில் அவரே எழுதினார். குணமாக்கியது தண்ணீர் அல்ல, அதன்மேல் வைத்த நம்பிக்கை என்ற பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1928இல் அவர் இலங்கைக்கு வந்தார். முதலில் கற்பித்தது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில். அங்கு அவரிடம் கிறிஸ்தவ சமயபாடத்தையும் ஒப்படைத்தார்கள் என்றும், பரீட்சைப் பெறுபேறுகள் சிறப்பாக வந்தும் அடுத்த வருடம் அந்தப் பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது என்றும் ஒரு கதை உண்டு. மாணவர்கள் சித்தியடைந்தார்கள், ஆனால் விசுவாசத்தை இழந்துவிட்டார்கள் என்பதுதான் காரணமாம். பின்னர் காலி றிச்மண்ட் கல்லூரி, கல்கிசை புனித தோமையார் கல்லூரி என்று அவரது ஆசிரியப்பணி தொடர்ந்தது.

ஓய்வுக்குப் பின்னரே அவர் முழுமூச்சாகப் பொதுவெளிக்கு வந்தார். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1963இல், ஏமாற்று வழிகள் அடைக்கப்பட்ட நிலையில் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக அறிவித்தார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் பணத்தாளின் இலக்கத்தை வாசித்துக் காட்டினாலே போதும். அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவராலும் வெல்ல முடியவில்லை.

ஆனால் அவரது அனுபவக் குறிப்புகளை வாசிக்கும்போது, சவால் விட்ட மனிதரைவிட வேறொருவர்தான் தெரிகிறார். கூரையில் கல் விழுகிறது, உடுப்புகள் தானாகத் தீப்பிடிக்கின்றன என்று குடும்பங்கள் அவரிடம் வந்தன. அவர் அந்த வீட்டிலிருந்த ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேசினார். கல்லை எறிந்த கை அங்கேயே இருந்தது. அந்தக் கைக்குப் பின்னால் பெரும்பாலும் சொல்லமுடியாத துயரம் ஒன்றும் இருந்தது. பேய் என்று முடிவுகட்டியிருந்தால், கழிப்புக் கழித்துவிட்டு அந்தத் துயரத்தை அப்படியே விட்டிருப்பார்கள். பேய் இல்லை என்பதால்தான் அவர் மனிதரைத் தேடவேண்டியிருந்தது. அவரது அறம் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

அவரோடு எனக்கு ஒரு பிணக்கும் உண்டு. அவரது எழுத்தில் ஏளனம் அதிகம். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரைச் செய்திக்காகச் சந்தித்திருக்கிறேன். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சாத்திரி சொன்னதைப் பிடித்துக்கொண்டு நாட்களைக் கடத்துபவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு இலட்சம் ரூபா சவாலைக் கொண்டுபோக முடியாது. அரசு பதில் சொல்லாத இடத்தில்தான் சாத்திரி பதில் சொல்கிறார். சாத்திரியை மட்டும் பொய்யர் என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது பகுத்தறிவாகாது.

கோவூரின் சவாலை அல்ல, அவர் அந்த வீடுகளுக்குள் செய்த வேலையைப் பின்பற்றினால் நாம் செய்யவேண்டியது வேறு. அந்தத் தாயோடு உட்கார்ந்து பேசவேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் யார் என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்குரிய பதிலை, தரவேண்டியவர்களிடமிருந்து வாங்க அவரோடு நிற்கவேண்டும். மேலிருந்து ஒரு நீதி வரும் என்று நம்பாதவருக்கு இந்தக் கடமையைத் தள்ளிப்போட இடமில்லை.

கோவூரின் மனைவி 1974இல் இறந்தபோதும் உடல் மருத்துவ மாணவர்களுக்கே கொடுக்கப்பட்டது. மறுமையை நம்பாத இருவர், தங்களுக்குப் பின் வரப்போகும், தாங்கள் பார்த்தேயிராத மாணவர்களை நினைத்து எடுத்த முடிவு அது.