ஆசாத்தின் 8 குண்டு பிஸ்டல்

பெருமாநல்லூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் இன்று வட நாட்டுத் தொழிலாளர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். அவர்களில் உத்தரப்பிரதேசத்துக்காரர் ஒருவரிடம், பூணூல் அணிந்து மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கும் வாலிபனின் படத்தைக் காட்டிப் பாருங்கள். சந்திரசேகர ஆசாத் என்று உடனே சொல்லுவார். நமக்குத் திருப்பூர் குமரன் எப்படியோ, அவர்களுக்கு ஆசாத் அப்படி.

குமரன் கையில் பிடித்தது கொடி. ஆசாத் இடுப்பில் இருந்ததோ பிஸ்டல்! அதில் அடங்கும் குண்டுகள் எட்டே எட்டு. அந்த எட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார்?

15 சவுக்கடி

1906ம் ஆண்டு ஜூலை மாதம் 23ந் தேதி, இப்போதைய மத்தியப்பிரதேசத்தில் உள்ள பாவ்ரா என்ற ஊரில் பிறந்தார். தந்தை சீதாராம் திவாரி. தாய் ஜக்ராணி தேவி. ஏழைக் குடும்பம். மகன் சமஸ்கிருதம் படித்துப் பண்டிதன் ஆகவேண்டும் என்பது தாயின் ஆசை. காசிக்கு அனுப்பினார்கள்.

காசியில் படிப்பைவிட ஒத்துழையாமை இயக்கமே சிறுவனை இழுத்தது. 1921ல் மறியல் செய்து பிடிபட்டான். அப்போது வயது 15.

மாஜிஸ்திரேட்டு பெயரைக் கேட்டார். ஆசாத் என்றான். சுதந்திரமானவன் என்பது அதன் பொருள். தகப்பன் பெயர் சுதந்திரம் என்றும், தன் வீடு சிறைச்சாலை என்றும் கூறினான். 15 சவுக்கடி கொடுக்க உத்தரவு ஆயிற்று. முதுகுத்தோல் கிழிய அடி விழுந்தது. சிறுவன் முழக்கமிட்டானே தவிர அழவில்லை.

அன்று முதல் திவாரி என்ற பெயர் மறைந்தது. இனி உயிரோடு போலீசார் கையில் சிக்குவதில்லை என்று ஆசாத் சபதம் செய்துகொண்டார்.

காட்டில் சாமியார்

பிறகு ராம் பிரசாத் பிஸ்மிலின் புரட்சிக் கூட்டத்தில் சேர்ந்தார். 1925ம் ஆண்டு ஆகஸ்டு 9ந் தேதி, காகோரி அருகே ரெயிலை நிறுத்தி அரசாங்கப் பணத்தை அவர்கள் பறித்தார்கள். அந்த வழக்கில் பிஸ்மில் உள்பட 4 பேர் 1927 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டனர். ஆசாத் சிக்கவில்லை.

ஜான்சிக்குப் பக்கத்தில், ஓர்ச்சா காட்டு ஓரம் ஒரு குடிசையில் பிரம்மச்சாரி வேடத்தில் இருந்தார். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். காட்டுக்குள் சென்று குறி பார்த்துச் சுடப் பழகினார். மோட்டார் ஓட்டவும் கற்றார்.

1928 டிசம்பர் 17ந் தேதி லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்சை பகத்சிங்கும் ராஜகுருவும் சுட்டுக் கொன்றார்கள். ஆசாத்துக்கு அன்று காவல் வேலை. நண்பர்களை விரட்டிப் பிடிக்க ஓடிய போலீஸ்காரர் சனன்சிங்கைச் சுட்டார். அவரும் மாண்டார். நண்பர்கள் தப்பினார்கள். இந்தக் காவல் வேலையே ஆசாத்துக்குக் கடைசியிலும் வாய்த்தது.

எட்டுக் குண்டு போதுமா?

அவர் கடைசியாக வைத்திருந்தது அமெரிக்காவில் செய்த கோல்ட் பிஸ்டல். சட்டைப்பைக்குள் மறைத்து வைக்கவென்றே செய்யப்பட்டது. நீளம் சுமார் 7 அங்குலம். எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. வேறு துப்பாக்கிகளில் பின்புறம் துருத்தி நிற்கும் சுத்தியல், இதில் உள்ளே அடங்கியிருக்கும். ஆகவே துணியில் மாட்டாமல் சட்டென்று எடுக்கலாம்.

கைப்பிடிக்குள் செருகும் பெட்டியில் 8 தோட்டாக்கள் கொள்ளும். குழாயில் முன்பே ஒன்றை ஏற்றி வைத்தால் 9. அக்காலத்து ரிவால்வர்களில் பெரும்பாலும் 6தான். இந்தக் கோல்ட் பிஸ்டலை வகுத்தவர் ஜான் பிரௌனிங். 1911ல் மணியாச்சி ரெயில் நிலையத்தில் நமது வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பிரௌனிங் பிஸ்டல்தான்!

இன்னும் அதிகக் குண்டு கொள்ளும்படி செய்தால் என்ன? கைப்பிடி நீளும், அல்லது பருக்கும். இடுப்பில் துருத்திக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். மறைந்து திரிகிறவனுக்கு அது ஆகாது. வழிமறிப்பவனைச் சுட்டுவிட்டு ஓட 8 குண்டு போதும். ஒரு படையோடு நின்று சண்டையிடப் போதவே போதாது.

நாவல் மரத்தடியில்

1931 பிப்ரவரி 27ந் தேதி காலை. அலகாபாத் ஆல்பிரட் பூங்காவில் சுகதேவ்ராஜ் என்ற தோழருடன் ஆசாத் பேசிக்கொண்டிருந்தார். போலீசாருக்குத் தகவல் எட்டிவிட்டது. வெள்ளைக்கார அதிகாரி நாட் பவர் காரில் வந்து இறங்கினார். போலீசார் சூழ்ந்தார்கள்.

குண்டுகள் பறந்தன. ஆசாத்தின் காலில் அடிபட்டது. நாவல் மரம் ஒன்றின் மறைவில் இருந்து அவர் திருப்பிச் சுட்டார். நாட் பவரின் கையில் குண்டு பாய்ந்தது. பிஷேஷ்வர்சிங் என்ற அதிகாரியின் தாடை சிதைந்தது.

தோழரை ஓடிவிடும்படி அனுப்பினார். சுகதேவ்ராஜ் தப்பினார். காலில் காயத்தோடு ஆசாத்தால் ஓட முடியாது. ஒவ்வொரு குண்டாகச் செலவாயிற்று. கடைசிக் குண்டைத் தமக்கே வைத்துக்கொண்டார் என்பது நாடு முழுவதும் நம்பும் செய்தி. அப்போது அவருக்கு வயது 24.

அதன்பின் 24ம் நாள், மார்ச் 23ந் தேதி பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரும் லாகூரில் தூக்கிலிடப்பட்டார்கள். மறு ஆண்டு ஜனவரியில் திருப்பூரில் தடியடி பட்டுக் குமரன் மாண்டார்.

நாவல் மரத்தை மக்கள் கும்பிடத் தொடங்கியதால் வெள்ளை அரசாங்கம் அதை வெட்டிவிட்டது என்பார்கள். பூங்காவுக்கு இப்போது ஆசாத் பெயர். அவருடைய கோல்ட் பிஸ்டல் அலகாபாத் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகமும் அதே பூங்காவுக்குள்தான் உள்ளது.