குழாய்க்குள் வண்ண வளையம்

தண்ணீர் தெளிவாக இருக்கும். வாசனை இராது. ஆனாலும் அதில் பூச்சிமருந்து கலந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த நஞ்சைக் கண்டுபிடிக்கும் முறைக்கு விதை போட்டவர் மிகயில் ஸ்வெட் என்ற ரஷ்ய விஞ்ஞானி. அவருடைய வாழ்க்கை துயரமானது.

தாயில்லாப் பிள்ளை

1872-ம் ஆண்டு இத்தாலியில் ஆஸ்தி என்ற ஊரில் ஸ்வெட் பிறந்தார். தந்தை ரஷ்யர். தாய் இத்தாலியப் பெண். பிள்ளை பிறந்த கொஞ்ச காலத்தில் தாய் இறந்து போனாள்.

ஜெனீவாவில் படித்து, 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ரஷ்யாவுக்குப் போனார். அங்கே அந்தப் பட்டம் செல்லாது என்று கூறிவிட்டார்கள்! மறுபடியும் பாடுபட்டு, 1901-ல் காஸான் நகரில் இன்னொரு பட்டம் வாங்கினார். அப்போது ரஷ்ய ஆட்சியில் இருந்த வார்ஸா நகரில் வேலை கிடைத்தது.

பச்சை இலையின் ரகசியம்

இலையின் பச்சைக்குள் என்னென்ன நிறங்கள் இருக்கின்றன என்று ஸ்வெட் ஆராய்ந்தார். கண்ணாடிக் குழாய் ஒன்றில் சீமைச்சுண்ணாம்புத் தூளை அடைத்தார். இலைச் சாற்றை மேலே விட்டார். பிறகு, நிறங்களைக் கரைக்கும் திரவத்தை ஊற்றினார்.

தூளோடு நன்றாக ஒட்டும் பொருள் மெதுவாக இறங்கியது. ஒட்டாதது வேகமாக இறங்கியது. குழாய்க்குள் பச்சையும் மஞ்சளுமாக வளையங்கள் தோன்றின! கலந்திருந்தவை தனித்தனியே பிரிந்துவிட்டன.

1903-ல் இதை அறிஞர்களிடம் விளக்கினார். 1906-ல் குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் அதற்கு வண்ண எழுத்து என்று பொருள். ஸ்வெட் என்ற சொல்லுக்கும் ரஷ்ய மொழியில் வண்ணம் என்றுதான் பொருள்!

நம்பாத உலகம்

பெரிய ரசாயன நிபுணர்கள் சிலர் இந்த முறையை நம்பவில்லை. 1915-ல் ஜெர்மன் படை வார்ஸாவைப் பிடித்தது. ஸ்வெட் ஊர் ஊராக அலைய நேர்ந்தது. 1919 ஜூன் 26-ந் தேதி வொரோனெஷ் நகரில் காலமானார். அப்போது வயது 47.

1931-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ரிச்சர்டு கூன் குழுவினர் இந்த முறையைக் கையாண்டு வெற்றி பெற்றார்கள். அதன் பிறகே உலகம் விழித்துக்கொண்டது. இதை மேலும் வளர்த்த மார்ட்டின், சிங் என்ற இரு ஆங்கிலேயர்களுக்கு 1952-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று

தண்ணீரிலிருந்து மாசுப் பொருள்களைப் பிரித்தெடுத்து, மெல்லிய குழாய்க்குள் செலுத்துகிறார்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வருகிறது. நிறம் தேவையில்லை. முனையில் உள்ள கருவி அது இன்னது, இவ்வளவு என்று காட்டிவிடும்.

ஒரு கோடி லிட்டர் குடிநீரில் ஒரு பூச்சிமருந்து ஒரு கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சட்டம். அந்த ஒரு கிராமையும் பிடித்துக் கொடுக்கிறது, அன்று ஸ்வெட் காட்டிய வழி.