இன்ஜினீயராக நினைத்த டாக்டரம்மா



மலருக்காக மறைந்த பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு டாக்டரம்மாவை. பயப்பட வேண்டாம், இவரும் முதலில் நம் கட்சிதான்! டெக்னிகல் ஸ்கூலில் சேர்ந்து, கணக்கை விரும்பிப் படித்து, இன்ஜினீயர் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டவர். பெயர் மரியா மாண்டிசோரி.

இந்தப் பெயரைப் பார்க்காதவர் இருக்க முடியாது. எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவது ஒரு நர்சரி பள்ளியின் போர்டில் இருக்கும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் அந்த முறை பிறந்த இடம் வேறு. புத்தி வளராத பிள்ளைகள் என்று முத்திரை குத்தி மனநோய் விடுதியில் அடைத்து வைத்திருந்தார்களே, அந்தக் குழந்தைகளிடம்தான் அது பிறந்தது.

மரியா 1870-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ம் தேதி இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். இன்ஜினீயர் ஆசை பிறகு டாக்டர் ஆசையாக மாறியது. அந்தக் காலத்தில் பெண்பிள்ளை மெடிக்கல் படிப்பதென்றால் சும்மாவா? ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது தகாது என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் போன பிறகு இவர் தனியாக நின்று அந்த வேலையைச் செய்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர் என்று பலரும் எழுதுவார்கள். அது சரியல்ல; இவருக்கு முன்பே சிலர் இருந்தார்கள்.

1897-ல் பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் சம்பளமில்லாத உதவி டாக்டராகச் சேர்ந்தார். ரோமில் இருந்த விடுதிகளைச் சுற்றிப் பார்ப்பதும் அந்த வேலையில் சேர்ந்தது. அங்கே பெரியவர்களோடு சேர்த்து வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளையும் அடைத்திருந்தார்கள். வெறும் அறை. கையில் எடுத்து விளையாட ஒரு மரத்துண்டுகூட இல்லை. சாப்பிட்டு முடித்ததும் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அது பெருந்தீனியாகத் தெரிந்தது. மாண்டிசோரிக்கு வேறு மாதிரி தெரிந்தது: தொட்டுப் பார்க்க அந்தத் துணுக்கைத் தவிர இந்தப் பிள்ளைகளுக்கு வேறு பொருளே கிடையாது. அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் இந்தச் செய்தி வருகிறது.

கவனியுங்கள். குழந்தை அதேதான், அறையும் அதேதான். பார்க்கிற கண்தான் வேறு.

அவர் அதோடு விடவில்லை. இட்டார்ட், செகுயின் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் பல ஆண்டுகள் முன்பே இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பித்து எழுதி வைத்திருந்தார்கள். அந்த நூல்களைத் தேடிப் படித்து, இத்தாலிய மொழியில் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். நூறு பக்கம் இருநூறு பக்கம் அல்ல, செகுயினுடையது மட்டும் 600 பக்கம்!

1900-ல் ரோமில் ஒரு புதிய பள்ளி தொடங்கியது. குழந்தைகளுக்கான பள்ளி என்று நினைக்காதீர்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கான பயிற்சிப் பள்ளி அது. டாக்டர் மொந்தெசானோ என்பவரோடு சேர்ந்து மாண்டிசோரி அதை நடத்தினார். முதல் வகுப்பில் 64 ஆசிரியர்கள். கூடவே 22 குழந்தைகள் கொண்ட மாதிரி வகுப்பு. ஆசிரியர்களுக்கு நரம்பு மண்டலம், குறைபாடுகளின் காரணங்கள், கற்பிக்கும் முறைகள் எல்லாம் பாடம். ஆனால் முக்கியமான பாடம் பார்ப்பது. குழந்தை எதைத் தொடுகிறது, எதில் நிற்கிறது, எங்கே கைவிடுகிறது என்று பொறுமையாகப் பார்ப்பது. மாண்டிசோரியே காலை 8 மணியிலிருந்து மாலை 7 மணிவரை குழந்தைகளோடு இருந்தார். தடவித் தெரிந்துகொள்ள மரத்தில் எழுத்துகள் செய்ய வைத்தார். உயிரெழுத்துக்குச் சிவப்பு, மெய்யெழுத்துக்கு நீலம். அவரிடம் படித்த சில குழந்தைகள் மற்ற பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வை எழுதித் தேறியபோது ஊரே ஆச்சரியப்பட்டது.

அவர் வாழ்க்கையில் ஒரு வேதனையும் உண்டு. அவருக்கும் மொந்தெசானோவுக்கும் 1898-ல் மரியோ என்ற மகன் பிறந்தான். கல்யாணம் நடக்கவில்லை. அந்தக் காலத்து வழக்கத்துக்குப் பயந்து, மகனைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர விட்டார்கள். பதினைந்து வயது வாக்கில்தான் அவன் தாயிடம் வந்து சேர்ந்தான். ஊர்ப் பிள்ளைகளுக்காக ஓடியவரால் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1901-ல் அந்தப் பயிற்சிப் பள்ளியிலிருந்து விலகினார். 1907-ல் ரோமின் ஏழைப் பகுதியான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். உலகப் புகழ் அதற்குப் பிறகு வந்ததுதான்.

நம் பக்கத்துக்கும் அவர் வந்தார். 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து, 300 பேருக்கு மேல் பயிற்சி கொடுத்தார். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ இங்கிலீஷில் சொல்வார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் வெள்ளைக்கார அரசாங்கம் மரியோவை முகாமில் அடைத்தது. அம்மாவின் 70-வது பிறந்த நாளுக்குத்தான் விட்டார்கள். பிறகு கொடைக்கானலில் சில வருடம் தங்கினார்கள். 1952 மே 6-ம் தேதி ஹாலந்தில் மாண்டிசோரி காலமானார்.

இவரை நான் ஏன் எடுத்தேன்? எங்கள் ஊர் சிங்கவரம். ரங்கநாதர் பாறைக்குள் பள்ளிகொண்டிருக்கும் மலைக்குக் கீழேதான் அக்காவின் வீடு. அக்கா பையனுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கவிழ்த்துப் போட்ட சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு டாக்டர் ஆம்பளைப் பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்றார். இன்னொருவர் டானிக் எழுதினார். மூன்றாமவர் ஸ்கூலில் போட்டால் சரியாகிவிடும் என்றார். எங்கள் அம்மா படியேறி வேண்டிக்கொண்டு வந்தார். இரண்டு வருடம் போய்விட்டது.

கடைசியில் கண்டுபிடித்தது அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த ஒரு நர்ஸ். பையனோடு தரையில் உட்கார்ந்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார், ஒரு பொம்மையைக் காட்டினார், அக்காவிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆட்டிசமாக இருக்கலாம், தள்ளிப்போடாதீங்கம்மா என்று சொல்லி, மாவட்ட மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த டாக்டர்களைவிட இவர் அதிகம் படித்தவர் இல்லை. இதற்கென்று பயிற்சி எடுத்தவர், அவ்வளவுதான்.

மையத்தில் பையனுக்குக் கொடுத்த சாமான்களில், துணியில் பொத்தான் தைத்த ஒரு மரச்சட்டமும் இருந்தது. பொத்தான் போட்டுக் கழற்றிப் பழக வேண்டும். அது மாண்டிசோரியின் சாமான் என்று அங்கே இருந்தவர் சொன்னபோதுதான் அந்த அம்மாவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இன்றைக்குப் பையனுக்கு ஒன்பது வயது. தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுக்கொள்கிறான். வேண்டியதை இரண்டு மூன்று வார்த்தையில் கேட்கிறான்.

மாண்டிசோரி அன்று ஆசிரியர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். இன்று நம் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து பார்க்கும் வித்தையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏற்பாடுகள் இல்லாமலில்லை. 2005-ல் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் அமைந்தது. நிபுணர்களுக்கு அங்கே பயிற்சி உண்டு. 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்தது முதல் 18 வயதுவரை வளர்ச்சித் தாமதத்தையும் பரிசோதிக்க வேண்டும். அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு தடவை மருத்துவக் குழு வரவேண்டும். ஆனால் வருகிறவருக்குப் பார்க்கத் தெரிந்திருந்தால்தான் திட்டத்துக்கு உயிர். இல்லாவிட்டால் எடை பார்த்து, உயரம் பார்த்து, ரிஜிஸ்டரை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

நமக்கென்ன, நாம் இன்ஜினீயர்கள் என்று தோன்றலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 47-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். யார் யார் படிப்பில் எல்லாம் ஊனம் பற்றிய பாடம் சேர்க்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. டாக்டர், நர்ஸ், ஆஷா பணியாளர், அங்கன்வாடிப் பணியாளர் என்று போகும் அந்தப் பட்டியலில் இன்ஜினீயரும் இருக்கிறார்!

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அடுத்த ஆண்டு சந்திப்பின்போது ஒரு நாளை ஒதுக்கி, செஞ்சியைச் சுற்றியுள்ள அங்கன்வாடி டீச்சர்களுக்கும் கிராம நர்ஸ்களுக்கும் நம் கல்லூரி ஹாலிலேயே ஒரு பயிற்சி வகுப்பு நடத்துவோம். சொல்லிக்கொடுக்க நிபுணர்களை அழைத்து வரும் செலவில் என் பங்கைத் தருகிறேன். நம்மில் பலரின் மனைவியோ தங்கையோ நர்ஸாகவோ டாக்டராகவோ இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டி வாருங்கள். பொத்தான் சட்டம், மர எழுத்து போன்ற சாமான்களை நம் ஒர்க்‌ஷாப்பிலேயே தம்பிகள் செய்து கொடுக்கலாம். அளவுகள் என்னிடம் இருக்கின்றன.