பக்கத்து வீட்டுக்காரர்களின் நடனம்

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கீபோர்டு வகுப்புக்குப் போகிறார்களா? அப்படியென்றால் இந்த முறை நாம் பார்க்கப் போகும் மனிதரைப் பற்றி அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பிராக் நகருக்கு அருகே நெலஹோசெவெஸ் என்றொரு கிராமம். அங்கே 1841 செப்டம்பர் 8 அன்று பிறந்தவர் அந்தோனின் துவோர்ஷாக். அப்பா கசாப்புக் கடையும் சத்திரமும் நடத்தியவர். பதினாறு வயதில் ஆர்கன் கற்கப் பிராக் வந்த துவோர்ஷாக், பிறகு பல ஆண்டுகள் நாடக அரங்கின் இசைக்குழுவில் வயோலா வாசித்தும், வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்தும் பிழைத்தார்.

1873இல் திருமணம். முதலில் ஓர் ஆண் குழந்தை. அடுத்துப் பிறந்த பெண் குழந்தை 1875இல் இரண்டே நாளில் இறந்துவிட்டது. 1877 ஆகஸ்டில், ஒரு வயதுகூட நிரம்பாத இன்னொரு மகள் பாஸ்பரஸ் கரைசலைத் தவறுதலாகக் குடித்து இறந்தாள். மறு மாதம், அவருடைய பிறந்த நாளன்றே, மூன்று வயது மகனை அம்மை கொண்டு போயிற்று. வீட்டில் ஒரு குழந்தையும் மிஞ்சவில்லை.

அதே ஆண்டில்தான் ஒரு கதவும் திறந்தது. அரசு உதவித்தொகைக்காக அவர் அனுப்பிய பாடல்களைப் பார்த்த இசைமேதை பிராம்ஸ், பெர்லின் பதிப்பாளர் சிம்ராக்கிடம் அவரைப் பற்றி எடுத்துச் சொன்னார். சிம்ராக் கேட்டது நடன இசை. 1878 வசந்த காலத்தில் துவோர்ஷாக் எழுதிக் கொடுத்தவைதான் எட்டு 'ஸ்லாவிய நடனங்கள்'. தாளங்கள் அவருடைய ஊர் மக்களுடையவை. மெட்டுகள் எல்லாம் அவருடைய சொந்தம். துக்க வீட்டிலிருந்து இவ்வளவு துள்ளலான இசை வந்தது என்பதைக் கேட்கும்போது நினைத்துப் பாருங்கள்.

இவை ஒரே பியானோவில் இரண்டு பேர் சேர்ந்து அமர்ந்து வாசிப்பதற்காக எழுதப்பட்டவை. இசைத்தட்டு இல்லாத காலம் அல்லவா? வீட்டில் இசை வேண்டுமென்றால் வீட்டிலிருப்பவர்களே வாசிக்க வேண்டும். இசைப் புத்தகங்கள் பறந்து விற்றன. அவருக்குக் கிடைத்ததோ வெறும் 300 மார்க். 1886இல் இரண்டாம் தொகுதிக்கு 3,000 மார்க் வாங்கினார்.

பணத்தைவிட அவரை உறுத்தியது பெயர். சிம்ராக் அட்டையில் ஜெர்மன் முறையில் 'அன்டோன்' என்று அச்சிட்டார். தான் செக் நாட்டவன், தன் பெயர் செக் மொழியில்தான் வர வேண்டும் என்று துவோர்ஷாக் விடாமல் சண்டை போட்டார். கடைசியில் 'அன்ட்.' என்ற சுருக்கத்தில் இருவரும் சமாதானம் ஆனார்கள்.

பின்னர் நியூயார்க்கில் இசைக் கல்லூரித் தலைவராக இருந்தார். 'புதிய உலகிலிருந்து' சிம்பொனியை எழுதினார். மறுபடியும் பிறந்த ஆறு பிள்ளைகளும் வளர்ந்து ஆளாவதைப் பார்த்தார். 1904 மே 1 அன்று பிராக்கில் காலமானார்.

முதல் தொகுதியில் நான்காவதையும் ஆறாவதையும் தேடிக் கேளுங்கள். இரண்டும் 'சோசெட்ஸ்கா' என்ற நிதானமான நடன வகை. செக் மொழியில் பக்கத்து வீட்டுக்காரரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அக்கம்பக்கத்தார் கூடி ஆடியது. நம் குடியிருப்புக்குப் பொருத்தமான இசைதானே!

இரவு பத்து மணிக்கு மேல் என்றால் மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.