சர் சி.வி.ராமன்: நோபல் தந்த ஒளியே பொருளைச் சுடுவது ஏன்?

ஒரகடம் அருகே உள்ள வல்லம் வடகால் சிப்காட். 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பிரமாண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதே, அதே ஊர்தான். மின்னணு, வாகனத் தொழில்களில் ஒரு பாகத்தில் சின்னதாக ஒரு கறை தெரிந்தால், அது துருவா, பிளாஸ்டிக்கா, கரியா என்று கண்டறிய உதவும் கருவிகளில் ஒன்று ராமன் நுண்ணோக்கி. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நம்ம திருச்சிக்காரர்.

யார் இவர்?

1888 நவம்பர் 7-ல் திருவானைக்காவலில் பிறந்தவர் சந்திரசேகர வெங்கட ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. முடித்தார். அறிவியலை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத காலம் அது. அதனால் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். ஆபீஸ் நேரம் போக, மீதி நேரமெல்லாம் ஆய்வகம்தான். பத்து வருஷம் இப்படியே ஓடியது. 1917-ல் நல்ல சம்பளத்தை உதறிவிட்டு, கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

என்ன கண்டுபிடித்தார்?

1921 கப்பல் பயணத்தில் பார்த்த கடலின் நீலம் அவரை விடவில்லை. ஒளி எப்படிச் சிதறுகிறது என்று தொடர்ந்து ஆராய்ந்தார். 1928 பிப்ரவரி 28-ல் விடை கிடைத்தது. உடன் உழைத்தவர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணன்.

ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும், கைரேகை மாதிரி. 1930-ல் ராமனுக்கு இயற்பியல் நோபல். அறிவியலில் நோபல் பெற்ற முதல் ஆசியர் அவர். கிருஷ்ணனுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை.

சரி, சூடு எங்கே வந்தது?

நிறம் மாறும் ஒளி சுமார் கோடியில் ஒரு பங்குதான். அதனால் ராமன் வெயிலை லென்ஸால் குவித்தார், பிறகு பாதரச விளக்குக்கு மாறினார். 1960-ல் லேசர் வந்தது. 1970-களில் அது நுண்ணோக்கியோடு சேர்ந்தது.

இங்கேதான் சிக்கல். சின்ன வயசில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துப் பேப்பரைப் பொசுக்கியிருப்போம். இதுவும் அதேதான். வெறும் 1 மில்லிவாட் லேசரை ஒரு சதுர மைக்ரான் இடத்தில் குவித்தால், அந்தப் புள்ளியில் உச்சி வெயிலைப் போல் சுமார் 10 லட்சம் மடங்கு ஒளி விழும்.

கறுப்பான பொருள் என்றால் இன்னும் ஆபத்து. மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடு இந்தச் சூட்டில் ஹேமடைட்டாக, அதாவது செந்நிற ஆக்சைடாக மாறிவிடும். கருவியும் ஹேமடைட் என்றே காட்டும். சோதிக்கப் போன நாமே பொருளை மாற்றிவிட்டு, தப்பான ரிப்போர்ட் எழுதிவிடுவோம்.

தப்பிப்பது எப்படி?

லேசரைக் குறைவாக வைத்துத் தொடங்கி, மெல்ல ஏற்ற வேண்டும். கோடுகள் இடம் மாறினாலோ, புதுக்கோடு முளைத்தாலோ சூடு ஏறுகிறது என்று அர்த்தம். ஒளிப்புள்ளியை அகலமாக்கலாம், பொருளை நகர்த்திக்கொண்டே அளக்கலாம்.

வெப்பமானியும் ராமன் ஒளியிலேயே இருக்கிறது. சிதறும்போது ஆற்றலை இழந்து வரும் ஒளியும் உண்டு, கூடுதலாகப் பெற்று வரும் ஒளியும் உண்டு. சூடு ஏற ஏற இரண்டாவது வகை வலுக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் அந்தப் புள்ளியின் வெப்பநிலையே தெரிந்துவிடும்.

1970 நவம்பர் 21-ல், 82 வயதில், பெங்களூரில் ராமன் மறைந்தார். பிப்ரவரி 28 இன்று தேசிய அறிவியல் தினம். கோடியில் ஒரு பங்கு ஒளியை மணிக்கணக்கில் காத்திருந்து பிடித்தவர் அவர். அவர் பெயரில் உள்ள கருவி முன் உட்காருபவர்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.