கிராண்ட் டஃப் துரையும் மெரினாவும்

மாலையில் கடற்காற்று வாங்கச் செல்லும் நம்மில், அவ்விடத்தைச் சீர்செய்தவர் யாவர் என்று எண்ணுவோர் மிகச் சிலரே. மராட்டியர் சரித்திரம் எழுதிய ஜேம்ஸ் கிராண்ட் டஃப் என்பாரின் புதல்வராய், மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப் 1829-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கற்று, 1857 முதல் பார்லிமெண்டு அங்கத்தினராயிருந்து, 1881-இல் சென்னைக் கவர்னராய் வந்தார்.

துறைமுகச் சுவர்கள் கடலில் எழும்பவே, அவற்றின் தெற்கே அலைகள் மணலைக் கொணர்ந்து குவித்தன. ஒருவரும் பொருட்படுத்தாத அக்கரையோரத்தில் அவர் அகன்ற உலாச்சாலை அமைப்பித்து, இத்தாலிய வழக்கைப் பின்பற்றி மெரினா எனப் பெயரிட்டார்.

ஆயினும் அவரது ஆட்சியைப் பலர் புகழ்ந்தாரில்லை. 1882-இல் நேர்ந்த சேலம் கலகத்தின் பின்னர் அவருடைய அரசாங்கம் நடந்துகொண்ட முறையை 'ஹிந்து' பத்திரிகை வன்மையாகக் கண்டித்தது. 1886-இல் பதவி நீங்கிய அவர், 1906-இல் காலமானார்.

உலாவுதற்கென்று அவர் அமைத்த கரையோ மக்கள் மன்றமாயிற்று. 1923 மே 1-இல் சிங்காரவேலர் தொழிலாளர் திருநாளைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கொண்டாடினார். விடுதலைக் கூட்டங்களும் அம்மணலிலே கூடின. 1959-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை அங்கு நாட்டப்பெற்றது.

அமைத்தவரை மக்கள் மறந்தனர்; இடத்தைத் தமதாக்கிக் கொண்டனர். பொதுநிலத்தின் பயன் அளிப்பவர் கருத்தில் அடங்குவதன்று, கூடுவோரால் வளர்வது என்பதை நாம் இவ்வரலாற்றால் அறிகின்றோம்.